தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது லாபமா? நெல்லைச் சீமையின் துப்பாக்கி உரிமக்காரர்களுக்காக ஒரு விளக்கம்

ஒருமுறை சுட்டு முடித்த தோட்டாவின் உறையை எறிந்துவிடாமல் எடுத்து வைத்து, அதில் புதிய பிரைமரும் (துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்கிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வேட்டைக்காரர்களிடமும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்களிடமும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ரீலோடிங் என்று அங்கே வழங்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றிய பேச்சு, வெளிநாட்டில் குடியேறிய உறவினர்கள் வழியாகவும் காணொளிகள் வழியாகவும் இன்று பாபநாசம், கடையம், களக்காடு போன்ற மலையடிவார ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வைத்திருக்கும் விவசாயிகளும், படையிலிருந்து ஓய்வு பெற்று வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினரும், போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களும், தோட்டா விலை ஏறும்போதெல்லாம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே பலருக்கு இது லாபமாக இருப்பதற்கும், இங்கே ஏறக்குறைய யாருக்குமே லாபமாக இல்லாமல் போவதற்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இதில் கை வைப்பவர் பணத்தை மட்டுமல்லாமல் கையையும், சுதந்திரத்தையும் இழக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே இருக்கும் மருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு ஆகியவை அவை. சுடும்போது பிரைமரும் மருந்தும் எரிந்து தீர்ந்துவிடுகின்றன, குண்டு போய்விடுகிறது. உறை மட்டும் மிஞ்சுகிறது. நான்கில் பெரும்பாலும் விலை கூடிய பாகம் அந்த உறைதான், ஏனெனில் நல்ல பித்தளையைப் பல கட்டங்களில் அழுத்தி இழுத்து அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. மறுபடி நிரப்புவதில் வரும் மிச்சம் முழுவதும், அந்த உறையைப் பலமுறை பயன்படுத்த முடிகிறது என்ற ஒரே உண்மையிலிருந்து வருகிறது. சுட்டபோது விரிந்த உறையை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, நீண்டுவிட்ட வாயைச் சீவி, பிறகு புதிய பொருள்களை உரிய அளவில் வைப்பதே வேலையின் சுருக்கம். பித்தளையும் நிலையான பொருளன்று. ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் அது இறுகுகிறது, கழுத்துப் பகுதியில் விரிசல் விடுகிறது, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து ஒருநாள் இரண்டாகப் பிரிகிறது. ஆகவே மறுபயன்பாட்டுக்கும் ஒரு முடிவு உண்டு.

எல்லாத் தோட்டாவையும் இப்படி நிரப்பிவிட முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டின் பயிற்சி மையங்களில் அதிகம் புழங்கும் .22 தோட்டாவில் தனியான பிரைமர் கிடையாது. உறையின் அடிவிளிம்புக்குள்ளேயே வெடிக்கும் பொருள் பூசப்பட்டிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கியே அதை வெடிக்கச் செய்கிறது என்பதால், ஒருமுறை சுட்டதும் அந்த உறைக்கு மறுவாழ்வு இல்லை. 10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் காற்றுத் துப்பாக்கிக்கோ மருந்தே கிடையாது. இந்தியாவில் துப்பாக்கிச் சுடுதலைக் கற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தொடங்குவதும் தொடர்வதும் இந்த இரண்டில்தான். எனவே திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ போட்டிக்குத் தயாராகும் ஒரு மாணவருக்கு ரீலோடிங் என்பது பொருந்தவே பொருந்தாத பேச்சு. சென்டர்பயர் வகைத் தோட்டாக்களிலும், அதாவது அடியின் நடுவில் தனிப் பிரைமர் உள்ளவற்றிலும், வேறுபாடு உண்டு. 1860களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவான இரண்டு பிரைமர் முறைகளில், பாக்ஸர் முறையில் அமைந்த உறையின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால் பழைய பிரைமரை எளிதாகத் தட்டி எடுக்கலாம். பெர்டான் முறையில் துளைகள் ஓரமாக இருப்பதால் அது மிகக் கடினம். பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டான் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைபெற்றது பாக்ஸரின் முறை. அங்கே இந்தப் பழக்கம் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் உரிமக்காரர்களிடம் அதிகம் இருப்பது 12 போர் என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழலோ ஒற்றைக்குழலோதான். அதன் தோட்டாவில் உறை பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே ஈய ரவை, அதாவது சிறு ஈய மணிகள். இங்கே உறையின் விலை மிகக் குறைவு, எடையிலும் செலவிலும் ஈயமே முதலிடம் பெறுகிறது, அந்த ஈயத்தைத் திரும்பப் பெற வழியில்லை. அமெரிக்காவிலேயே, சாதாரண 12 போர் பயிற்சித் தோட்டாவை நிரப்புவதால் மிச்சமாகும் தொகை மிகச் சிறியது என்றும், ஈய விலை ஏறும் காலங்களில் அது காணாமலே போய்விடுகிறது என்றும் அனுபவம் உள்ளவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பறக்கவிடப்படும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களுக்கு மட்டும் கணக்கு சற்று வேறு. ஒலிம்பிக் டிராப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒருவருக்கு 125 தட்டுகள் பறக்கவிடப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். பாரிஸ் 2024இல் இந்தியாவுக்காக இந்தப் பிரிவில் கலந்துகொண்ட, புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் போன்ற ஒருவர் அந்த நிலையை எட்டுவதற்குப் பயிற்சியில் எத்தனை ஆயிரம் தோட்டாக்களைச் செலவிட வேண்டும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஆனால் அந்த நிலையில் இருப்பவர்கள், ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டும் என்பதற்காகத் தரமான தொழிற்சாலைத் தோட்டாக்களையே நாடுகிறார்கள். போட்டியில் ரவையின் எடை 24 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் இருப்பதால், தானே நிரப்பி ஏதோ ஒரு கூடுதல் பலத்தைப் பெற்றுவிடலாம் என்ற ஆசைக்கும் அங்கே இடமில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் வெறும் எடுத்துக்காட்டுக்கானவை. இன்றைய சந்தை விலைகள் அல்ல. அழுத்தும் இயந்திரம், அச்சுகள், தராசு, அளவுகோல்கள் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்றும், ஒரு ரைபிள் தோட்டாவுக்கு அவருக்கு 60 ரூபாய் மிச்சமாகிறது என்றும் வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுக்கவே அவர் 500 தோட்டாக்களைச் சுட்டாக வேண்டும். ஆண்டுக்கு 50 தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு அதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் சுடும் போட்டிக்காரருக்குச் சில மாதங்களே போதும். இதில் செலவழியும் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. உறையைத் துடைப்பதிலிருந்து கடைசிச் சோதனை வரை ஒருவர் செலவிடும் மணிநேரங்களுக்கு ஒரு தச்சரின் நாள்கூலியையாவது கணக்கில் சேர்த்தால், மலிவான தோட்டா வகைகளில் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இராது. இன்னொன்றையும் அங்குள்ளவர்களே சொல்வதுண்டு. தோட்டா மலிவாகக் கிடைக்கிறது என்றதும் அவர்கள் முன்பைவிட அதிகமாகச் சுடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் செலவு குறைந்திருக்காது, சுட்ட எண்ணிக்கைதான் கூடியிருக்கும். பயிற்சி கூடுகிறது என்ற அளவில் அது நன்மையே. ஆனால் சேமிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் அங்கே இவ்வளவு பேர் ஏன் இதைச் செய்கிறார்கள்? பணத்தைவிட வலுவான மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது துல்லியம். ஒவ்வொரு குழலுக்கும், தோட்டா உட்காரும் அதன் அறைக்கும் நுண்ணிய அளவு வேறுபாடுகள் உண்டு. தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று பொறுமையாகச் சோதித்து, அதையே மாறாமல் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு, தொலைதூர இலக்கில் தொழிற்சாலைத் தோட்டாவைவிடக் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன. இரண்டாவது, கடையில் கிடைக்காத தோட்டா. நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலேய வேட்டை ரைபிள்களில் பலவற்றுக்கு இன்று தோட்டா செய்பவர்கள் மிகச் சிலரே. செய்தாலும் விலை மிக அதிகம். அத்தகைய ரைபிளைச் சுடும் நிலையில் வைத்திருக்க விரும்புபவருக்கு வேறு வழி இல்லை, இங்கே லாபமும் உண்மையிலேயே பெரிது. மூன்றாவது தட்டுப்பாடு. அமெரிக்காவில் 2012 இறுதியிலிருந்தும், பிறகு 2020இலிருந்தும் தோட்டாக்கள் கடைகளில் கிடைக்காமல் போன காலங்கள் உண்டு. அப்போது முன்னரே பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களால் மட்டும் தொடர்ந்து சுட முடிந்தது. அதே தட்டுப்பாட்டில் பிரைமரும் கிடைக்காமல் போனதால், சேர்த்து வைக்காதவர்களின் இயந்திரங்களும் சும்மாவே கிடந்தன.

நம் பக்கத்துக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. மருந்து கெட்டிப்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிதன்று. வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாத்தா காலத்திலிருந்து பார்த்தவர்கள் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்தைக் கண்ணளவாகவும் கையளவாகவும் போட்டே பழகிய குடும்பங்கள் அவை. பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் மருந்து என்றால் என்ன என்பது தெரியும் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கமும் அந்த எண்ணமும் நவீனத் தோட்டாவுக்கு முன் உதவாது, உயிருக்கே ஆபத்தாக முடியும். 1880களில் பிரான்சில் பிறந்த புகையில்லா மருந்து முற்றிலும் வேறு வேதிப்பொருள். அதன் உறவினமான கார்டைட்டைச் செய்ய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீலகிரியின் அருவங்காட்டில் ஆங்கிலேய அரசு ஒரு தனித் தொழிற்சாலையை நிறுவியது. அது இன்றும் இயங்குகிறது. கருமருந்து அளவில் கொஞ்சம் கூடினால் பெரும்பாலும் உதைப்பும் புகையும் கூடும். புகையில்லா மருந்திலோ சிறிய மிகை, குழலுக்குள் அழுத்தத்தை மளமளவென்று ஏற்றிவிடுகிறது. 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்முறைத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு; .30-06 ரைபிள் தோட்டாவுக்கு அதே எல்லை 60,000 பவுண்டு. சுடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த அழுத்தம் எழுகிறது.

அதனால்தான் ரீலோடிங் செய்பவர்கள் மருந்தைக் கிரெயின் என்ற அளவில், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியின் எடையில் அது பாதிதான். அந்தப் பாதியிலும் பத்தில் ஒன்றைப் பார்த்து நிறுக்க வேண்டிய வேலை இது. ஒரே உறையில் தவறி இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கி வெடிக்கும். மருந்தே விழாமல் போனால் பிரைமரின் பலம் மட்டும் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். சத்தம் குறைவாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ஒரு வகை மருந்துக்கு உரிய அளவை, பார்வைக்கு அதே போல இருக்கும் வேறொரு மருந்துக்குப் போட்டாலும் விளைவு அதுவே. ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் குண்டுக்கும் தயாரிப்பாளர் வெளியிடும் சோதிக்கப்பட்ட அட்டவணை இல்லாமல் இந்த வேலையை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட முதல் விதி. நம் கைக்குக் கள்ளத்தனமாக வந்து சேரக்கூடிய மருந்துக்கு அப்படி ஓர் அட்டவணை எந்தக் காலத்திலும் இருக்கப்போவதில்லை. என் பார்வையில், சட்டம் என்ற ஒன்றே இல்லாதிருந்தாலும் இந்த ஒரு காரணமே இதை வேண்டாம் என்று சொல்லப் போதுமானது.

மெதுவாக வரும் கேடும் உண்டு. இன்றைய பிரைமர்களில் பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் இருக்கிறது. பழைய உறைகளைத் துப்புரவு செய்யும்போது எழும் தூசியில் அது கலந்து, மூச்சிலும் கையிலும் ஒட்டிக்கொள்கிறது; ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பதால், வீட்டுக்குள் ஒரு மேசையைப் போட்டு இதைச் செய்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஈயத்தின் கேடு பறவைகளுக்கும் உண்டு. நீர்நிலைகளில் விழும் ஈய ரவைகளை வாத்தினங்கள் இரையோடு சேர்த்து விழுங்கி இறப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடுத்துவிட்டது. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே அனுமதிப்பதில்லை. கூந்தன்குளம் போன்ற பறவைக் குளங்கள் உள்ள நமது மாவட்டம் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ளத் தனி அனுமதி வேண்டியதில்லை. பிரிட்டனில் துப்பாக்கிச் சான்றிதழ் உள்ளவர் செய்யலாம். ஆனால் பிரைமர் வாங்கும்போது அந்தச் சான்றிதழையோ அதற்கு ஈடான ஆவணத்தையோ காட்ட வேண்டும். ஜெர்மனியில் வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பயிற்சி வகுப்பில் தேறித் தனி அனுமதி பெற்றவருக்கே மருந்து கிடைக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் வரையறையே மிக விரிவானது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்வதற்கான இயந்திரங்களும்கூட அந்த வரையறைக்குள் வந்துவிடுகின்றன. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, அதற்கென உரிமம் இல்லாமல் தோட்டாவைத் தயாரிப்பதைத் தடுக்கிறது; 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் சிறை. துப்பாக்கி வைத்துக்கொள்ளப் பெற்ற உரிமம் வேறு, தயாரிப்பு உரிமம் வேறு. தம்மிடம் உள்ள உரிமமே எல்லாவற்றுக்கும் போதும் என்று எண்ணி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சிறு கையியந்திரத்தையோ ஒரு பெட்டி பிரைமரையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்பவர், அவரையும் தம்மையும் ஒருசேர வழக்கில் சிக்க வைக்கிறார். இந்தத் திசையில் எதைச் செய்யவும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் கையில் இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

வேட்டை என்ற சொல்லையும் இங்கே நேராகப் பார்த்துவிட வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனின் காடுகளில் வேட்டை நடந்த காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் இடம் வைக்கவில்லை. 1988 முதல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் இருக்கின்றன. ஆகவே அமெரிக்க வேட்டைக்காரர் ஆண்டுதோறும் போடும் கணக்குக்கு இங்கே அடிப்படையே இல்லை. மிஞ்சுவது பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியின் சிக்கல், அது உண்மையான துன்பம். வாழையையும் நெல்லையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் இழந்தவரிடம் சட்டப் பிரிவுகளை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. ஆனால் அதற்கான வழி வீட்டில் நிரப்பிய தோட்டாவில் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். அதற்கு உட்பட்ட பகுதியில் சுடுவதற்கு அனுமதியில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் நிலைமை வேறு. 2022 முதல் கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிட முடிகிறது. அதைப் பார்த்து இங்கேயும் அவ்வாறே செய்யலாம் என்று நினைத்துவிடக்கூடாது. கேரள முறை இங்கேயும் வேண்டும் என்று விவசாயிகள் கோருவதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அப்படி ஓர் ஏற்பாடு வந்தாலும், ஒரு பருவத்தில் தேவைப்படுவது சில தோட்டாக்களே என்பதால் மறுபடி நிரப்புவதற்கான தேவை அப்போதும் எழாது.

காவலுக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வேண்டியதெல்லாம், சுட வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் தவறாமல் வெடிக்கும் தோட்டா. அவருக்கு ரீலோடிங்கைவிடப் பயனுள்ள வேலைகள் பல இருக்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பிறகு திரும்ப வாங்கி, அப்படியே பரணில் வைத்துவிடும் துப்பாக்கியோடு பல ஆண்டுகளாக அதே தோட்டாக்களும் கிடப்பதை நம் பக்கத்தில் சாதாரணமாகக் காணலாம். சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஈரம் ஏறும் ஊர்களில், பழைய காகித உறைத் தோட்டாக்கள் உப்பி அறைக்குள் போகாமல் நிற்கும். பித்தளை அடியில் பச்சை பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில், சூடு படாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வைப்பதும், உரிமத்தில் குறித்த அளவுக்குள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதை முறையாகக் கழித்துப் புதியதை வாங்குவதும் அவர் செய்ய வேண்டியவை. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்காமல் போனால் உடனே திறந்து பார்க்கக்கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்திருந்த பிறகே திறக்க வேண்டும், ஏனெனில் சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும்.

பழைய ஜமீன் வீடுகளிலும், மலைத்தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களிலும், அந்தக் காலத்துப் பித்தளை உறைகளும், உறையின் வாயை மடிக்கும் கைப்பிடிக் கருவிகளும், தகர டப்பாவில் மிச்சமான மருந்தும் கேப்புகளும் இன்றும் தற்செயலாகக் கிடைக்கக்கூடும். மிகப் பழைய மருந்து சிதைந்து தானாகவே தீப்பற்றும் நிலைக்கு வந்திருக்கலாம். பழைய கேப்புகளில் பாதரசச் சேர்மம் இருக்கலாம். அவற்றைத் திறந்து பார்க்காமலும், வெயிலில் காயவைக்காமலும், வண்டியில் ஏற்றி எடுத்துப் போகாமலும், பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்றிவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி கேட்க வேண்டும்.